கத்திரிக்காயில் நூல்

"ஏங்க, இங்க வாங்க. இந்தக் கத்திரிக்காய்ல நூல் இருக்கு."

போய்ப் பார்த்தேன். இருந்தது. காயின் காம்பைச் செடியோடு சேர்த்துப் பூக்கட்டுகிற நூலால் முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

என் மனைவி ரோஷினி ஐ.டி.யில் டெஸ்டர். தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். லீவு நாளில் இலவசமாகவே செய்வாள்.

வானகரம் ஃப்ளாட்டிலிருந்து முத்தாபுதுப்பேட்டை தாண்டி இந்தப் பண்ணைக்கு வந்ததே மகள் வர்ஷாவுக்காகத்தான். 'உங்கள் குழந்தையே காய் பறிக்கலாம்' என்று விளம்பரம். பறித்தாள். கூடையை நிரப்பி வரப்பில் வைத்துவிட்டு, வேப்பமரத்தடிக் கட்டிலில் தூங்கியும் விட்டாள். சாப்பாட்டில் அவள் கத்திரிக்காயைத் தொடவே மாட்டாள் என்பது வேறு விஷயம்.

பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் பேபியைக் கூப்பிட்டாள் ரோஷினி. "என்னம்மா இது?"

பேபி நூலைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "நேத்து ஒரு ஸ்கூலு வந்துச்சு மேடம். பிஞ்சு கூட உடாம பறிச்சிக்கினு பூட்டாங்கோ. இன்னிக்கு வர்ற புள்ளைங்கோ வெறுஞ்செடியப் பாத்தா அழுவுமேன்னு, ஆவடி மார்க்கெட்ல வாங்கியாந்து கட்டினேன்."

"அதுக்கு ஏமாத்துவீங்களா? இப்பவே ரிவ்யூல ஒரே ஒரு ஸ்டார் போடறேன்." போனை எடுத்தாள்.

"வோணாம் மேடம். இன்னொரு தபா கம்ப்ளைன்ட் வந்தா வேலைய உட்டு நிறுத்திடுவேன்னு ஓனரு சொல்லிக்கிறாரு."

"விடு ரோஷினி, பாவம்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. பொய்னா பொய்தான்."

அந்த நேரம் பார்த்து கேட்டில் ஒரு வேன் வந்து நின்றது. மேனாம்பேடு டியூஷன் பிள்ளைகள். "காய் பறிக்கப் போறோம்" என்று கத்திக்கொண்டே இறங்கினார்கள். செடியில் மிச்சம் அந்த ஒரே காய்தான்.

பேபிக்கு முகமே செத்துப்போய்விட்டது. "மொதல்ல மோர் குடிச்சிட்டு வாங்கோ" என்று கூட்டத்தைக் கொட்டகைப் பக்கம் திருப்பிவிட்டார்.

எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. வர்ஷா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரமாகியும் ரோஷினியைக் காணோம். படம் எடுத்து, வட்டம் போட்டு, பக்கம் பக்கமாக எழுதுகிறாள் போல. கையைக் காலைப் பிடித்தாவது நிறுத்திவிடலாம் என்று எழுந்து போனேன்.

போன் வரப்பில் கிடந்தது. வர்ஷாவின் கூடை பாதி காலி. ரோஷினி பாத்தியில் குந்தி, பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சை இலைக்கு அடியில போடுங்க பேபிம்மா. மேல போட்டா என்னை மாதிரி எவளாவது கண்டுபிடிச்சிடுவா."