டெபோரா விட்டுவைத்த வரி

“டிரைவர் கையேட்டுல எல்லா இடத்துலயும் திருத்திட்டு, இந்த ஒரு வரியை மட்டும் விட்டுட்டீங்களே டெபோரா?”

ஷ்யாம்சுந்தர் கேட்டதில் அக்கறையைவிட ஆனந்தம்தான் அதிகம். டீம் லீட் பதவிக்கு இருவருக்கும் போட்டி.

டிரைவர் என்றதும் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஓட்டுகிறவரை நினைக்க வேண்டாம். இது பிரிண்டரையும் கேமராவையும் கம்ப்யூட்டரோடு பேச வைக்கிற புரோகிராம். அதை எழுதச் சொல்லித்தரும் கையேட்டில், எப்போதோ நீக்கிவிட்ட ஃபங்ஷன்களின், அதாவது கட்டளைகளின், பெயர்கள் அப்படியே கிடந்தன. நம்பி எழுதுகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். இணையத்தில் பொதுவாக இருக்கும் கையேடு, யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். அதை நடத்துகிறவர்கள் ஏற்றுக்கொண்டால், அனுப்பியவர் பெயர் உலகம் பார்க்க நிற்கும்.

“தெரிஞ்சேதான் விட்டேன். ஒரு வாரம் அதைத் தொடாதீங்க ஷ்யாம், ப்ளீஸ்.”

“ஏன்?”

“அது என் விஷயம் இல்ல. சொல்ல முடியாது.”

ஷ்யாமுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பக்கத்து சீட் கேசவனிடம் கேட்டான்.

“இது கூடவா தெரியல மச்சான்? அடுத்த மாசம் வேலை செஞ்சதா காட்ட மிச்சம் வச்சிருப்பாங்க.”

அது போதாதா? சாயங்காலத்துக்குள் ஷ்யாமே அந்த வரியைத் திருத்தி அனுப்பினான். ‘விடுபட்டதைச் சரிசெய்துவிட்டேன்’ என்று ஆபீஸ் குரூப்பிலும் போட்டான். டெபோரா அதைப் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மாடம்பாக்கத்தில் ஷ்யாம் தன் வீட்டுக்குள் நுழைந்தால், மனைவி சின்மயி லேப்டாப் முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்காக வேலையை விட்டவள். ‘இவ்ளோ கேப்புக்கு அப்புறம் உனக்கு யாரு வேலை தருவா?’ என்று இவனே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான்.

“என்னாச்சு சின்மயி?”

“திரும்ப வேலைக்குப் போகணும்னு உங்க டெபோராகிட்ட ஹெல்ப் கேட்டேன். இன்டர்வியூல காட்டறதுக்கு என் பேர்ல ஒண்ணாவது இருக்கட்டும்னு, எனக்காக ஒரு வரியைத் திருத்தாம விட்டு வச்சாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். ஏத்துக்கிட்டப்புறம் காட்டி அசத்தலாம்னு ஆசை. எல்லாம் கத்துக்கிட்டு, இன்னிக்கு அனுப்பலாம்னு உக்காந்தா, அதை முன்னாடியே அனுப்பிட்டாங்க.”

ஷ்யாம் பையைக் கீழே வைத்தான்.

“யாரு?”

சின்மயி லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

“நீங்களே படிங்க. உங்க பேருதான்.”