எல்லார் செல்லையும் எடுங்க

“செல்லு வெச்சிருக்கவங்க எல்லாரும் கையில எடுங்க!”

கடலூர் எல்லை செக்போஸ்ட்டில் எங்கள் பஸ்ஸில் ஏறிய பெண் போலீஸ் இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டையில் பேர் இருந்தது. ஆதிலட்சுமி.

பாண்டிச்சேரி பஸ் என்றால் இங்கே பாட்டில் தேடுவார்கள். பையைக் குடைவார்கள், சீட்டுக்கு அடியில் குனிவார்கள். அதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போச்சு. செல்லை எதுக்கு?

“ஏம்மா, செல்லுக்குள்ளயா பிராந்தி கடத்துறோம்?” என்றார் முன்சீட்டுப் பெரியவர். பஸ்ஸே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரலை. என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அனுப்பின மெசேஜ் அத்தனையும் அழிக்காமல் வெச்சிருக்கேன். அதையெல்லாம் எவளோ படிக்கிறதா?

இதுக்கெல்லாம் காரணம் கண்டக்டர் கலியமூர்த்திதான். பஸ் நின்றதும் முதல் ஆளாக இறங்கிப்போய் அந்தம்மாவிடம் என்னமோ குசுகுசுன்னு சொன்னாரே, நான்தான் பார்த்தேனே!

என் முறை வந்தது. மடியில் ஆறு மாசப் பையன். தவளக்குப்பம் தாண்டினதும் வீல்னு கத்தினவன், பால் குடிச்சிட்டு அப்போதான் கண் அசந்திருந்தான்.

“குடுக்க முடியாது மேடம். புருஷன் பொண்டாட்டி பேசிக்கிறது இருக்கு. அதப் படிக்கணுமா உங்களுக்கு?”

“சரியா கேட்டீங்க சிஸ்டர்!” என்றார் பக்கத்து வரிசையில் இருந்த கோடு போட்ட சட்டைக்காரர். “அடுத்தவங்க அந்தரங்கத்தப் பார்க்க இவங்களுக்கு என்ன உரிமை?”

பரவாயில்லை, நமக்காகப் பேச ஒரு மனுஷனாவது இருக்காரே!

“ஒரு நிமிஷம்மா. கொஞ்சம் பொறுத்துக்க” என்றார் ஆதிலட்சுமி. அவ்வளவுதான். குரலே உயரலை.

“உங்க வீட்டுப் பொண்ணு செல்லை இப்படிப் புடுங்கினா சும்மா இருப்பீங்களா? உங்க பேரைப் போட்டுப் புகார் எழுதறேனா இல்லையா பாருங்க!” என்றேன் நான்.

கொடுத்துத் தொலைச்சேன். உள்ளங்கையில் வைத்துக் குனிந்து பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

அடுத்து கோடு போட்ட சட்டைக்காரர். அவர் செல்லை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், “இறங்குங்க சார், பேசணும்” என்றார்.

எனக்குப் பொறுக்கலை. “நியாயம் கேட்டதுக்கா அவரை இறக்குறீங்க?”

ஆதிலட்சுமி அடுத்த சீட்டுக்குப் போனார். பின்னாடி இருந்தவங்க செல்லையும் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த ஆளோடு இறங்கிப் போனார். பஸ் கிளம்பியது. ஆளாளுக்கு அந்தம்மாவைத் திட்டினார்கள். அதில் என் குரல்தான் ஓங்கி இருந்தது.

அம்மாவிடம் சொல்லி அழலாம்னு செல்லை அமுக்கினேன். உயிரே இல்லை. சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது.

அப்போதான் உறைச்சது. பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்காரர் பேசும்போதே பாதியில் கட்டாச்சு. லைன் போச்சுன்னுல்ல நினைச்சேன்! அப்போ, செத்துப்போன செல்லில் அந்தம்மா எதைப் பார்த்தாங்க?

“அண்ணே, இங்க வாங்க. அந்தம்மாகிட்ட என்ன சொன்னீங்க? அந்த ஆளு என்ன பண்ணாரு?”

கலியமூர்த்தி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“நீ புள்ளைக்குப் பால் குடுத்தப்போ அந்த ஆளு படம் எடுத்துட்டான்மா. டிக்கெட் கிழிச்சிட்டு வரும்போது பார்த்தேன். கவலப்படாத, எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“அவன் செல்லை மட்டும் வாங்கியிருக்கலாமேண்ணே? எதுக்கு எல்லார்கிட்டயும் வாங்கி, இவ்வளவு பேச்சு கேட்டுக்கிட்டு...”

“நானும் அதத்தாம்மா கேட்டேன். ‘அவனை மட்டும் புடிச்சா, யாரை எடுத்தான்னு பஸ்ஸே அந்தப் பொண்ணத் திரும்பிப் பார்க்கும். அதுக்கு என்னையப் பார்த்துத் திட்டிட்டுப் போகட்டும்’னாங்க.”