பதினாறில் மூன்று

மஞ்சப்பையிலிருந்த மாத்திரைப் பட்டைகளை மேசை மேல் கொட்டினான் சதீஸ்குமார். பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. சுகந்திக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இம்புட்டு மிச்சமா? பிள்ளைக்கு ஒழுங்காக் குடுக்குறதே இல்லையா?"

"மேடம், அது வந்து..." என்று இழுத்தாள் ஆறு மாத வயிற்றோடு நின்ற மாரிக்கனி.

"ஒண்ணும் சொல்ல வேணாம். முதல்ல உக்காருங்க."

அருப்புக்கோட்டையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வரும் ரத்த நோய்க் குடும்பங்களுக்கு விவரம் எடுத்துச் சொல்வது சுகந்தியின் வேலை. ஆரம்பித்தாள் என்றால் எதிரில் இருப்பவர் வாய் திறக்க முடியாது. ஆனால் தங்கமான மனசு.

இவர்களுடைய மகன் மாதவனுக்கு ஆறு வயது, தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றினால்தான் உயிர். அந்த நாட்களில் நரிக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கட்டிலுக்கு இடம் பிடிப்பவர்கள், இன்று பதினோரு மணிக்குத்தான் வந்தார்கள். ரிப்போர்ட் வாங்கத்தானே என்று பையனை வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள் சுகந்தி.

மாரிக்கனிக்கு சதீஸ்குமார் சொந்த அத்தை மகன். இருவர் ரத்தத்திலும் அந்தக் குறை வெளியே தெரியாமல் ஒளிந்திருந்தது. மாரிக்கனி மறுபடி உண்டானதும், நாலில் ஒரு பிள்ளைக்கு நோய் வரலாம் என்று சுகந்தி சொன்னபோது, "அதான் மூத்தவன் வாங்கிக்கிட்டான்ல மேடம், இனி வராதே?" என்று கேட்டான் சதீஸ்குமார்.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசாச் சீட்டுக் குலுக்கணும் தம்பி. முன்னாடி விழுந்த சீட்டு கணக்குல வராது."

பிறக்கப்போகும் பிள்ளையின் எலும்பு மஜ்ஜை அண்ணனுக்குப் பொருந்தினால் அவன் பிழைத்துக்கொள்வான். அதற்கும் நாலில் ஒரு வாய்ப்புத்தான் என்றாள்.

"அய்யனார் கோயில்ல பூக்கட்டிப் போட்டோம் மேடம். பிள்ளைக்கு நோய் இருக்காதுன்னு வெள்ளைப்பூ வந்துச்சு. அதே பூ இதுக்கும் ஆகும்ல?" என்றாள் மாரிக்கனி.

"ஆகாது. நோய் இல்லைங்கிறதுக்காக மஜ்ஜை பொருந்திறாது. ரெண்டுக்கும் தனித்தனியாத்தான் பூக்கட்டணும்." தாளில் பதினாறு கட்டம் போட்டு, மூன்றுக்கு மட்டும் மை தடவிக் காட்டினாள். "நோயும் இல்லாம, பொருந்தவும் செய்யணும்னா இந்த மூணுதான்."

அது நாலு மாதத்துக்கு முந்தைய கதை. இப்போது, வயிற்றுப் பிள்ளையின் பனிக்குட நீரைச் சோதித்துச் சென்னையிலிருந்து வந்த கவரைப் பிரித்து ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டியபோதே சுகந்தி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

"நோய் இல்லை! மஜ்ஜையும் அப்படியே பொருந்துது!"

மாரிக்கனி மாத்திரைப் பட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தாள். சதீஸ்குமார் சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புரியவில்லை போலிருக்கிறது என்று சுகந்தி மறுபடியும் தாளை எடுத்துக் கட்டம் போட்டாள். நிதானமாக முதலிலிருந்து சொன்னாள்.

"இந்த மூணுல ஒண்ணுதாம்மா உன் வயித்துல இருக்கு. பன்னெண்டு வருசமா இந்த வேலை பாக்குறேன், எனக்கு இப்பத்தான் முதல் தடவை. வெளங்குதா?"

மாரிக்கனி தலையை ஆட்டினாள்.

"பிறகு என்ன இப்படி உக்காந்திருக்கீங்க? பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து வச்சிருவோம். அதை ஏத்திட்டா நம்ம மாதவனுக்கு இனி ஊசி வேணாம், மாத்திரை வேணாம். மத்த பிள்ளைகளாட்டம் பள்ளிக்கூடம் போவான், ஓடுவான், ஆடுவான். வர்ற திங்கக்கிழமை டாக்டரம்மா பாக்கணும், அவனைக் கூட்டிட்டு வந்துருங்க."

மாரிக்கனி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"அவன் குழிமேட்டுல பால் தெளிச்சு எட்டு நாளாச்சு மேடம்."