திரும்பி வந்த காய்ச்சல்

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட ஃபாரூக்குக்கு மூன்றாவது தடவையாக மலேரியா; மறுபடியும் ஆஸ்பத்திரிப் படுக்கை.

“கிட்ட போகாதே நஸீஹா! நீ கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டு வந்ததிலேருந்துதான் இந்தக் காய்ச்சல்,” என்று மருமகளைத் தடுத்தார் சாயிரா பானு.

“எனக்கு டெஸ்ட்ல ஒண்ணும் இல்லையே மாமி.”

“நாம இருக்கிற குவீன்ஸ்டவுன்ல ஏது மலேரியா? நீ கேலாங்ல உன் அண்ணன் வீட்டுக்குப் போயிரு. எம்புள்ள பொழைக்கட்டும்.”

நஸீஹா அழுதுகொண்டே பையை எடுத்தாள்.

அப்போது புதிய டாக்டர் உள்ளே வந்தார். “இது கொசு கடிச்சு வந்ததில்லம்மா. வெச்ச கிட்னியோட வந்த கிருமி. கொடுத்தவங்க ரத்தத்துல பல வருஷமா சத்தமில்லாம இருந்திருக்கு. இவருக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி, அதான் திரும்பத் திரும்ப வருது. அவங்களையும் டெஸ்ட் பண்ணணும். யாரு கொடுத்தா?”

மகனின் நெற்றியிலிருந்த கையை மெல்ல எடுத்தார் சாயிரா பானு.

“நான்தான் டாக்டர்.”