சாரதி பக்கக் கதவு

குணேஸ்வரி கார்க்கதவின் முதல் துவாரத்துக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். முதல் கணு வரைக்கும் போனது.

அடுத்ததுக்குள் விட்டார். பிறகு அதற்கடுத்தது.

தேங்காய் உடைத்து, காரின் நாலு சில்லுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, உருட்டியாயிற்று. அதுவரைக்கும் அவரைக் குசினிப் பக்கம் ஒரு கதிரை போட்டு இருத்தியிருந்தார்கள். நல்ல காரியத்துக்குக் கைம்பெண் முன்னால் நிற்கக் கூடாதாம். கார் அவருடைய புருஷனுடையதுதான். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

பழைய மொறிஸ் மைனர். ஓர்ஸ் ஹில் வீட்டின் பின்கொட்டிலில் முப்பது வருடத்துக்கு மேல் தறப்பாளுக்குள் கிடந்தது. பின் இருக்கையில் கோழி அடைகாத்தது. வயர்களை எலி தின்றது. எஞ்சின் கல்லாய்ப் போனது. குணேஸ்வரி அந்தத் தறப்பாளை ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை. அதற்கு அவருக்கு மனம் வரவில்லை.

தம்பலகாமத்துக்கு அந்தக் காரில் போய்த் திரும்பிய புருஷன் கனகசுந்தரத்தைக் கண்டி வீதியில் வைத்து யாரோ சுட்டார்கள். யார் என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லப்போவதுமில்லை. உடலைக் கொண்டுவந்த மனிதர் பெட்டியைத் திறக்க விடவில்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்.

“ஒரேயொரு வெடி, தங்கச்சி. ஆளுக்கு நோவே தெரிஞ்சிராது.”

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் குணேஸ்வரி பிள்ளைகளை வளர்த்தார். அவர் நோகாமல் போனார், அது போதும் என்று தனக்குத்தானே சொல்லாமல் படுத்ததில்லை. சாமிக்கு விளக்கு வைக்க மறந்த நாள் உண்டு. இதை மறந்த நாள் இல்லை.

இப்போது மகள் லக்சனா கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டாள். வீடு கைமாறப் போகிறது. காரை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோதுதான் கனகசுந்தரத்தின் தங்கை மகன் ரஜீவன் வந்தான். உப்புவெளியில் விருந்தினர் விடுதி வைத்திருப்பவன். தேன் ஒழுகப் பேசுவான்.

“என்னட்டைத் தாங்கோ மாமி. மாமா ஓடின மாதிரியே ஆக்கிக் காட்டுறன். ஒருக்கா ஏறி இருந்து பார்த்திட்டுத்தான் நீங்கள் பிளேன் ஏறோணும்.”

ஆக்கித்தான் காட்டினான். அதில் குறை சொல்ல முடியாது. கைப்பிடிக்குக் கண்டி, விளக்குக்குக் கொழும்பு என்று அலைந்தான். தகர வேலைக்குக் கிண்ணியாவிலிருந்து நிப்றாஸைக் கொண்டுவந்தான். நிப்றாஸின் கையில் தகரம் ரொட்டி மா மாதிரி, சொன்னபடி கேட்கும். பச்சை பெயின்ற் அடித்து, மெழுகு போட்டு, நேற்றுத்தான் கப்பலில் வந்திறங்கியது போல் காரை விடுதி முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

சாரதி பக்கக் கதவைத் தவிர. அதற்குப் பெயின்ற் அடிக்கவில்லை. துருவும் துவாரங்களுமாக இருந்தது. இதுதான் எங்கள் சரித்திரம் என்று ரஜீவன் விடுதியிலிருந்த வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் கதவைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். கண்டி வீதிக்கு ஒரு சவாரி, சுடப்பட்ட இடத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் மௌனம். அதற்கு இப்போதே ஆள் சேர்ந்துவிட்டது.

இந்த ஊரில் குணேஸ்வரியின் வயதுக்காரர்களுக்குத் தகரத்தைக் காட்டினால் போதும், வெடி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார்கள். ஓரம் உள்ளே மடிந்திருந்தால் வெளியிலிருந்து வந்தது. இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டுமென்று யார் ஆசைப்பட்டார்கள்.

அவர் ஓரங்களைத் தடவினார். எல்லாம் உள்ளே மடிந்திருந்தன. கதவின் அடியிலிருந்து தொடங்கி மேலே ஏறியிருந்தன. கால். தொடை. வயிறு. நெஞ்சுக்கு நேரே ஒன்றும் இல்லை.

நிமிர்ந்து ரஜீவனைப் பார்த்துக் கேட்டார்.

“தம்பி, காலிலயும் வயித்திலயும் பட்டா உடன உயிர் போகாது, என்ன?”

ரஜீவனுக்குக் கேட்டது. நிப்றாஸுக்கும் கேட்டது. நிப்றாஸ் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைக்கத் தொடங்கினான்.

ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்கலங்கியபடி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். குணேஸ்வரி கதவில் கன்னத்தை வைத்தார். இதைவிட நல்ல விளம்பரம் விடுதிக்குக் கிடைக்கப்போவதில்லை. ரஜீவன் நல்லபிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டான்.

“பழசைக் கிளறாதேங்கோ மாமி.”

குணேஸ்வரி அப்படியே மணலில் இருந்துவிட்டார். மனுஷன் எவ்வளவு நேரம் கிடந்தாரோ, தண்ணீர் கேட்டாரோ, தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாரோ என்று சொல்லிச் சொல்லி அழுதார். இத்தனை வருடமும் அழாத அழுகை. வெள்ளைக்காரப் பெண்ணும் சேர்ந்து அழுதாள், போனை மட்டும் இறக்கவில்லை.

தறப்பாளை விலக்கிய அன்று அந்தக் கதவில் துருவைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. போன கிழமைதான் நிப்றாஸ் ட்ரில்லால் துளைத்து, சுத்தியலால் ஓரங்களை உள்ளே தட்டி, துருவேறட்டும் என்று கடல்தண்ணீர் தெளித்து வெயிலில் விட்டான். ஊர்ச்சனத்தின் கண் பொல்லாதது, ஓரம் சரியாக மடியவேண்டும் என்று பக்கத்தில் நின்று வேலை வாங்கியவன் ரஜீவன்.

காரில் உண்மையாகவே பட்டிருந்தது ஒரேயொரு வெடி. சாரதியின் தலைக்கு நேர் பின்னால், கூரையைத் தாங்கும் தகரத் தூணில், ஒரு சின்னத் துவாரம். படத்துக்கு வராத இடம். அதைப் புட்டிப் பசை வைத்து அடைத்து, தேய்த்து, மேலே பச்சை அடித்துவிட்டார்கள். இனித் தடவிப் பார்த்தாலும் தெரியாது, அவ்வளவு நல்ல வேலை.