ஜன்னல் பக்கக் கை

"மொட்டை வெயில் டிரிப் பூரா எனக்கு, நிழல் டிரிப் பூரா அவருக்கா? எந்த ஊர் நியாயம் மேடம் இது?"

பஸ் டிப்போ ஆபீஸில் மிளகாய் மேசையைத் தட்டிய தட்டில் ரப்பர் ஸ்டாம்ப் உருண்டு கீழே விழுந்தது. அவன் டிரைவர். அம்மா வைத்த பேர் வேறு; வாயைத் திறந்தால் எரிகிறதே என்று டிப்போ வைத்த பேர் இது.

டூட்டி போடும் மேடம் தலை நிமிரவில்லை. "ஆளுக்கு ஏத்த மாதிரிதான் போடுறேன். போய் வண்டியை எடுங்க."

ஆறு மாதமாகவே மிளகாய்க்கு வயிற்றெரிச்சல். முழுக்கை அண்ணனுக்கு மட்டும் விடியுமுன் ஒரு டிரிப், பொழுது சாய்ந்தபின் ஒரு டிரிப். எந்தக் கோடையிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு திரிகிற சீனியர் டிரைவர் அவர். மத்தியானம் பூரா ஓய்வறையில் காலை நீட்டிப் படுத்திருப்பார்.

நேற்று அவர் குழாயடியில் சட்டையைச் சுருட்டிக் கை கழுவும்போது தூரத்திலிருந்து பார்த்துவிட்டான். டிரைவர் என்றால் ஜன்னல் பக்கக் கை கருகிப் போயிருக்க வேண்டாமா? அவர் கை வெளுத்துக் கிடந்தது. அடுத்தவர் கையைப் பார்ப்பதில் நமக்குத்தான் எத்தனை கூர்மை!

இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நேரே மேனேஜர் அறைக்குள் நுழைந்தான். அண்ணனையும் வரவழைத்தான். மேடம் பின்னாலேயே ஓடி வந்தார்.

"பாருங்க சார்!" தன் கையை மேசைமேல் நீட்டினான். "இது உழைக்கிற கை. இப்ப அவரு கையைக் காட்டச் சொல்லுங்க."

"வேண்டாம் சார்" என்றார் மேடம் அவசரமாக.

"பயத்தைப் பாத்தீங்களா? காட்டச் சொல்லுங்க சார்!"

அண்ணன் பொத்தானைக் கழற்றிச் சட்டையைச் சுருட்டினார். வெளுத்த தோல். அதைச் சுற்றிலும் தையல் தழும்பு.

"தொடையிலேருந்து எடுத்து ஒட்டின தோல் தம்பி இது. இருபத்தஞ்சு வருஷ வெயில், கையில புற்றுநோயா வந்துடுச்சு. வெட்டி எடுத்துட்டாங்க. இனிமே உச்சி வெயில் ஆகாதுன்னாரு டாக்டர். விஷயம் தெரிஞ்சா வேலை போயிடுமேன்னுதான் மேடம் இப்படிப் போட்டாங்க."

மேனேஜர் முகம் கடுகடுத்தது. "இதை மறைச்சா ஓட்டுனீங்க? இனிமே நீங்க வண்டியைத் தொடக்கூடாது."

"கை நல்லாத்தானே சார் இருக்கு! ஒரு நாளாவது ஓட்டுறதுல குறை வச்சாரா?" மேடத்தின் குரல் உடைந்தது. மிளகாய் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இப்பக் குளுந்துச்சா?"

அண்ணன் மிளகாயின் அருகே வந்தார். அறையப்போகிறார், அறையட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அவர் மேசைமேல் கிடந்த அவன் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"முழங்கைகிட்ட இந்தப் புண்ணு எத்தனை மாசமா ஆறாம இருக்கு? எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. வா தம்பி, இப்பவே டாக்டர்கிட்ட போவோம்."