வைவாவுக்கு வந்த அப்பா

"ஐயோ அப்பா, நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?"

பல்கலைக்கழக நூலகத்தின் கருத்தரங்க அறை வாசலில் சங்கவி பதறினாள். அன்று அங்கே அவளுடைய பிஎச்.டி. பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. முதலியார்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த பலராமன் சிரித்தார்.

"வைவாவுக்கு யார் வேணா வரலாம்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களே பாப்பா. நீ டாக்டர் ஆவறத நான் பாக்க வேணாமா?"

"சரி, கடைசி வரிசைல ஒக்காருங்க. யாராவது கேட்டா என் அப்பான்னு சொல்லாதீங்க. மொதல்ல அந்தப் பைய மறைங்க."

இனிப்புப் பெட்டி வைத்திருந்த அந்தத் துணிப்பையில் 'செல்வாம்பாள் பதிப்பகம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் புரட்டிவிட்டுப் பாஸாகிற கைடுகளை அச்சடித்து விற்கும் அப்பாவின் பதிப்பகம். சங்கவி படித்த படிப்பும், இன்று உடுத்தியிருந்த பட்டுப் புடவையும் அந்தக் கைடு விற்ற காசில் வந்தவைதான்.

ஆனால் அவள் ஆராய்ச்சி செய்ததோ பதிப்பகங்களின் நற்பெயரையும் நூலக வாசகர்களின் திருப்தியையும் பற்றி. பேர்பெற்ற பதிப்பகங்களின் புத்தகங்களே திருப்தி தருகின்றன, கைடுகள் படிப்பையே கெடுக்கின்றன என்பது அதன் முடிவு. இந்த வெட்கக்கேட்டை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்!

பலராமன் கடைசி வரிசையில் பையைக் காலடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்.

வைவா நன்றாகவே நடந்தது. முடிவில் அவளுடைய நெறியாளர் பேராசிரியர் ஜானகிராமன் எழுந்தார்.

"கைடு போடறவங்களோட லட்சணத்தை என் மாணவி தோலுரிச்சுக் காட்டிட்டா. அவங்களாலதான் நம்ம லைப்ரரில நல்ல புத்தகமெல்லாம் தூசி படிஞ்சு கெடக்குது. மானம் ரோஷம் இருக்கறவன் அந்தப் பொழப்பு பொழைப்பானா?"

எல்லோரும் கைதட்டினார்கள். சங்கவிக்கு உடம்பெல்லாம் கூசியது. இருந்தும் கைதட்டினாள்.

அப்போதுதான் ஜானகிராமனின் பார்வை கடைசி வரிசைக்குப் போனது. பேச்சு நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தார். நாலு வார்த்தையில் நன்றி சொல்லி முடித்துவிட்டு அவளருகே வந்து கேட்டார்.

"அந்த ஆளை யாரும்மா வரச் சொன்னது?"

"எனக்கு... அவர் யாருன்னே தெரியாது சார்."

கடைசி வரிசை வரை அது கேட்டிருக்க வேண்டும். பலராமன் தலையைக் குனிந்துகொண்டார்.

டீயும் சமோசாவும் வருவதற்குள் ஜானகிராமன் கிளம்பிப் போய்விட்டார். எல்லோரும் 'டாக்டர் சங்கவி' என்று கை குலுக்கினார்கள். அவள் அப்பாவைத் தேடி ஓடினாள். கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் பையை மார்போடு அணைத்தபடி அவர் நின்றிருந்தார்.

"மன்னிச்சுடுங்கப்பா" என்று அழுதாள். "பெத்த அப்பாவையே தெரியாதுன்னு சொல்லிட்டேன். நான் எல்லாம் ஒரு பொண்ணா! சொல்லியும் என்ன பிரயோஜனம்? உங்களைப் பாத்ததும் சார் முகம் வெளிறிப்போச்சு. நான் கைடு போடறவரோட பொண்ணுன்னு தெரிஞ்சிடுச்சு. இனிமே என்னை மதிப்பாரா?"

"அழாத பாப்பா. நீ என் பொண்ணுன்னு அவருக்குத் தெரியாது. வெளிய மூச்சு விடமாட்டேன்னு அவருகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். அதான் உன்கிட்டகூடச் சொல்லாம, இத்தனை வருஷமா இந்தப் பக்கமே வராம இருந்தேன். இன்னிக்கு ஆசை கேக்கல."

"என்ன வாக்கு? சாரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பலராமன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம கைடு அத்தனையும் எழுதிக் குடுக்கறவரே உங்க சார்தாம்மா!"